ஜாஸ், சோதனை இசையெல்லாம் வினைல் தட்டில் வாங்கிக் கேட்பது வீண் செலவா?

எல்லா இசையும் கைபேசியிலேயே கிடைக்கும்போது ஜாஸுக்கும், வழக்கமான மெட்டை விட்டுப் புதுச் சத்தங்களைத் தேடுகிற சோதனை இசைக்கும் எதற்குத் தட்டு, வெறும் பந்தாதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாகத் தட்டு சேர்க்கிறவன் நான். வீட்டில் 140 எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, இருக்கிறது. 'பந்தா' என்ற சொல் கொஞ்சம் தைத்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நண்பர் யாராவது தட்டைச் சுழலவிட்டு, 'இந்தச் சத்தம் வேறு எதிலும் வராது' என்று சொல்லியிருப்பார். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. அளந்து பார்த்தால் சிடிதான் துல்லியம். தட்டு ஒரு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் ஓரத்தில் முள்ளுக்கு அடியில் ஒரு நொடிக்கு 50 சென்டிமீட்டர் தூரம் ஓடுகிறது, நடுவில் லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது 20 சென்டிமீட்டர்தான். அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கலாகவே கேட்கும். இதையெல்லாம் தெரிந்துதான் வாங்குகிறேன். 'ஆடியோஃபைல் (ஒலித்தரப் பித்து) ஆசாமி வந்துவிட்டார்' என்று யாரும் கீழே எழுத வேண்டாம்.

நான் ஏன் வாங்குகிறேன் என்பதற்கு ஒரே ஒரு தட்டின் கதையைச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அங்கே கார்ல்ஸ்பிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் சனிக்கிழமைதோறும் பழைய பொருள் சந்தை கூடும். ஒரு சனிக்கிழமை குளிருக்குக் கையுறை போட்டபடியே ஒரு பெட்டியில் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எபர்ஹார்ட் வெபர் என்ற பாஸ் கலைஞரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' கையில் வந்தது. மியூனிக்கின் இசிஎம் நிறுவனம் வெளியிட்டது. விலை எட்டு யூரோ. திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தேன். நாலு கலைஞர்கள், நாலு பேர் பெயருக்கும் பக்கத்தில் அவர்கள் வாசித்த வாத்தியங்கள். சார்லி மரியானோ என்ற பெயருக்கு நேரே சோப்ரானோ சாக்ஸஃபோன், ஷெனாய், அதற்கு அப்புறம் 'நாகஸ்வரம்'.

கையுறையைக் கழற்றிவிட்டு அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். நான் பிறந்தது மயிலாடுதுறை பக்கம், கோயிலின் வடக்கு வீதியில். சாயரட்சை பூஜைக்கு நாகஸ்வரம் கேட்டால்தான் எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றுவார்கள். அந்த வாத்தியத்தின் பெயர் ஒரு ஜெர்மன் ஜாஸ் தட்டின் முதுகில் இருந்தது. பதிவு செய்த இடம் லுட்விக்ஸ்பர்க், ஆண்டு 1975. நான் குடியிருந்த இடத்திலிருந்து லுட்விக்ஸ்பர்க் ரயிலில் போய்வருகிற தூரம்தான்.

அறைக்கு வந்து தட்டைத் துடைத்துப் போட்டேன். வெபரின் மின் பாஸ் மெல்லிசாக இழுக்கிறது, பின்னால் டிரம்ஸ் கலைஞர் யோன் கிறிஸ்டென்சனின் சிம்பல் சத்தம். காது முழுக்க அந்த ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஷெனாய் எது, நாகஸ்வரம் எது என்று முதல் தடவை எனக்கே பிடிபடவில்லை. மூன்றாவது தடவைதான் நாகஸ்வரத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளியின் அந்த உரசல் தனியாகத் தெரிந்தது. அன்று இரவு சாப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் மரியானோ யார் என்று தேடிப் படித்தேன். 1923இல் பாஸ்டனில் பிறந்தவர். ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் ஆல்ட்டோ சாக்ஸஃபோன் அழுகிறதே, அது அவர்தான். அறுபதுகளின் பிற்பகுதியில் வானொலி இசைக்குழுவோடு வேலை செய்ய மலேசியாவுக்குப் போன இடத்தில் நாகஸ்வரம் கேட்டிருக்கிறார். அங்கேயே கற்றுக்கொள்ள ஆரம்பித்து, பிறகு தென்னிந்தியாவுக்கும் வந்து படித்தார். 1983இல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு 'ஜோதி' என்ற தட்டையும் போட்டார். ஆர்.ஏ. ரமாமணி பாடியிருப்பார், கிடைத்தால் விடாதீர்கள். 2009இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் காலமானார்.

'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தொகுப்பைத் தட்டு வாங்குவதற்கு முன்பே செயலியில் இரண்டு தடவை கேட்டிருந்தேன். அதில் படமும் பெயரும் இருந்தன, யார் என்ன வாத்தியம் வாசித்தார் என்று ஒரு வரி இல்லை. வேலை செய்துகொண்டே கேட்டதில் நாகஸ்வரம் என் காதைத் தாண்டிப் போயே போய்விட்டது. என் காதின் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்தது பின்னட்டைதான்.

தட்டில் மட்டுமே தெரிகிற விஷயங்கள் இன்னும் உண்டு. ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1965 ஜூன் 28ஆம் தேதி தன்னையும் சேர்த்துப் பதினோரு பேரை வைத்து 'அசென்ஷன்' பதிவு செய்தார். இரண்டு தடவை வாசித்தார்கள். முதலில் ஒன்றை வெளியிட்டுவிட்டு, அப்புறம் கோல்ட்ரேனின் விருப்பப்படி மற்றதை மாற்றிவைத்தார்கள். உறை அதேதான், வெளியீட்டு எண்ணும் அதேதான். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் 'எடிஷன் 2' என்று கீறியிருந்தால்தான் எது என்று தெரியும். விளக்குக்கு நேரே தட்டைச் சாய்த்துப் பிடித்து அந்தக் கீறலைத் தேடுகிற சுகம் எனக்குப் பெரிது. அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் 'மெட்டல் மெஷின் மியூசிக்' 1975இல் வந்தது, முழுக்க இரைச்சல்தான். நாலாவது பக்கத்தின் கடைசி வரி ஒரு மூடிய வட்டம். முள் அதிலேயே சுற்றும், நாமாக எழுந்துபோய்த் தூக்கும்வரை நிற்காது. இசையின் முடிவைக் கேட்பவர் கையில் கொடுத்துவிட்டார் அந்த மனிதர். கோப்பாகக் கேட்டால் அது எங்கோ ஓரிடத்தில் தானாக நின்றுவிடும்.

செலவு உண்மைதான். புதுத் தட்டு ஒன்றுக்கே பெரும்பாலும் 3,000 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. பழையதாக வாங்குங்கள், மாதம் ஒன்று போதும். சூட்கேஸ் மாதிரி வருகிற மலிவு பிளேயர் மட்டும் வேண்டாம். அதன் முள் தேவைக்கு மேல் அழுத்தித் தட்டைத் தேய்த்துவிடும். முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் நல்லதாக இருந்தால் அதற்கு இரண்டு கிராம் அழுத்தமே போதும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. வெள்ளைக்காரர் ஊதினால்தான் உனக்கு நாகஸ்வரம் இனிக்குமா என்று இதைப் படிக்கிற சிலர் கேட்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். போன வருடம் சென்னையில் என் சித்தப்பா மகள் கல்யாணம். வாசிக்க எங்கள் ஊர்க் கோயில் நாகஸ்வரக்காரரை நான்தான் வரவழைத்தேன். வயது எழுபதுக்கு மேல். மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தது கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். முகூர்த்தத்துக்கு முன்னால் தோடியை எடுத்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, வீடியோக்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போட்டார்கள். அப்புறம் தாலி கட்டும்போது 'கெட்டிமேளம்' என்று கத்தினார்கள், அதற்கு மட்டும்தான் அவர் தேவைப்பட்டார். முன்னூறு பேர் இருந்த இடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போதும் ஆறவில்லை. இந்த வாத்தியத்தைக் கற்றுக்கொள்ள ஒருவர் பாஸ்டனிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், நம்மால் ஒரு ராகம் முடியும்வரை பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறுவதற்கு முன் காப்பி சாப்பிட அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது கிடக்கு தம்பி" என்றார். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டைப் போட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நாகஸ்வரம் வருகிற இடம் வந்ததும் வலது கை விரல்கள் தொடைமேல் அசைய ஆரம்பித்தன.

"நம்ம ஆளா?"

"இல்லைங்க ஐயா. அமெரிக்காக்காரர்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சீவாளி காஞ்சிருக்கு" என்றார். பிறகு, "ஆனா மூச்சு பழகின மூச்சு. யாருகிட்ட பாடம்?"

பக்கம் முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். எட்டரை பஸ்ஸை விட்டுவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் போனார்.