நெல் கட்டுரைக்கு ‘குரோ’ தவிர வேறு சொற்கள்

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் உள்ள உங்கள் வயலைப் பற்றி மகள் எழுதும் ஆங்கிலக் கட்டுரையில் வரிக்கு வரி ‘குரோ’ வருகிறது, வேறு என்ன போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். அகராதியைத் தேட வேண்டாம், பிசான நெல்லை (நம் பக்கத்துப் பிசானப் பருவத்தில் போடும் நெல்லை) விதை முதல் கதிர் வரை வரிசையாகப் பார்த்தாலே போதும். விதை உயிர்பிடிப்பது ‘ஜெர்மினேட்’, முளை வெளியே தெரிந்தால் ‘ஸ்ப்ரவுட்’, நாற்று ‘சீட்லிங்’. நட்ட பிறகு தூர் கட்டுகிறதே, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடுகிறதே, அதற்கு ‘டில்லர்’ என்று தனிச் சொல்லே உண்டு. பெயராகவும் வரும், வினையாகவும் வரும். (உழவு இயந்திரத்துக்கும் அதே பெயர்தான், ஆகவே எதைச் சொல்கிறோம் என்று வாக்கியத்திலேயே தெளிவாகத் தெரியவேண்டும்.) இந்த ஒரு சொல்லே வயலைப் பார்த்து எழுதியவள் என்று காட்டிவிடும். பயிர் செழித்து நின்றால் ‘த்ரைவ்’, கதிர் முற்றினால் ‘ரைப்பன்’.

ஒன்றில் மட்டும் கவனம். ‘மை ஃபாதர் குரோஸ் பேடி’ சரி. ஆனால் பிள்ளையை வளர்ப்பதற்கு ‘குரோ’ வரவே வராது. ‘பிரிங் அப்’ அல்லது ‘ரெய்ஸ்’. நாம் பயிரையும் பிள்ளையையும் ஒன்றுபோல ‘வளர்க்கிறோம்’ என்பதால் நம்மூர்ப் பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. அப்புறம், ‘குரோ அப்’ ஆட்களுக்குத்தான், நெல்லுக்கு வேண்டாம். விலையோ மகசூலோ கூடினால் ‘இன்கிரீஸ்’ போதும்.