ப்ளூடூத் போட்டுப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினால் என்ன ஆபத்து?

"கையில் போனைப் பிடித்துப் பேசினால் தப்பு, சரி. ப்ளூடூத் மாட்டிப் பேசினால் இரண்டு கையும் ஹேண்டில்பாரில், கண் ரோட்டில்தானே இருக்கிறது, அப்புறம் என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள். பலருக்கும் இருக்கும் சந்தேகம்தான். கைக்கு வேலை குறைகிறது, உண்மை. புத்தி போன இடத்திலிருந்து திரும்பி வருவதில்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் சில லோடு வண்டிகள் வைத்து ஓட்டுகிறேன். பெரும்பாலும் பூ, காய்கறி லோடுதான். விடியற்காலையில் உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மல்லிகையை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும் டிரைவருக்கு எத்தனை போன் வரும் தெரியுமா? மல்லிகை விலை விடியும்போது ஒன்று, வெயில் ஏறினால் ஒன்று. தோட்டக்காரர் "கடையில இறக்கியாச்சா தம்பி?" என்பார். கமிஷன் கடைக்காரர் "எங்கப்பா வர்ற, இன்னும் எவ்வளவு நேரம்?" என்பார். முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். டிரைவர் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியிருக்கவே மாட்டார், "காளவாசல் வந்துட்டேண்ணே" என்று சொல்லிவிடுவார். சொன்ன பொய்யை நிஜமாக்க வேண்டுமே, ஆக்ஸிலரேட்டர் கூட ஒரு மிதி வாங்கும். போன் பேசி முடிந்த பிறகும் அந்தப் பேச்சு வண்டியை ஓட்டுகிறது பாருங்கள். ப்ளூடூத்தில் பேசியிருந்தாலும் இதேதான்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவும், வண்டி ஓட்டுவது போன்ற மாதிரிக் கருவியில் ஆட்களை உட்காரவைத்து, கண் எங்கே போகிறது என்று பார்க்கும் கருவியையும் மாட்டினார்கள். வழியில் விளம்பரப் பலகைகள் வரும். ஓட்டி முடித்த பிறகு எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று சோதித்தார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில், அதாவது போனைக் கையில் பிடிக்காமல், பேசியபடி ஓட்டியவர்கள், கண் நேராகப் போய் நின்ற பலகையைக்கூட சரியாக அடையாளம் காட்டவில்லை. 2003-ல் வெளிவந்த ஆய்வு இது. 2006-ல் அதே குழு, போன் பேசி ஓட்டுபவரையும் சட்ட வரம்பு அளவுக்குக் குடித்து ஓட்டுபவரையும் ஒப்பிட்டது. முன்னால் போகும் வண்டி பிரேக் அடித்தபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் தாமதமாகத்தான் மிதித்தார்கள். அந்தச் சோதனையில் முன்வண்டியில் போய் இடித்த 3 பேரும் போன் பேசிய கூட்டம்தான், குடித்தவர்களில் ஒருவரும் இல்லை. கையில் பிடித்துப் பேசியதற்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்காகக் குடித்துவிட்டு ஓட்டலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

அப்படியென்றால் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் ஆபத்துதானே என்று அடுத்த கேள்வி வரும். அவருக்கும் ரோடு தெரிகிறது. செக்கானூரணியில் பஸ் ஒன்று ஒதுங்காமல் எதிரே வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுவார், சில சமயம் "ஏய், பாத்து" என்று டிரைவருக்கு முன்னால் கத்தவும் செய்வார். போனில் இருப்பவருக்கு அந்த பஸ் தெரியாது. "என்ன, சத்தத்தையே காணோம், லைன்ல இருக்கியா?" என்பார். பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு, சொன்னால் பஸ்.

கையில் பிடித்துப் பேசுவதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிம்மக்கல் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். ஹெல்மெட்டைப் பாதி தூக்கி, கன்னத்துக்கும் அதற்கும் நடுவில் போனைச் செருகியிருப்பார்கள். அந்த ஹெல்மெட்டின் வார் மாட்டியிருக்காது, மாட்டினால் போன் நுழையாதே. ஹெல்மெட் இல்லாதவர் கழுத்தைச் சாய்த்துத் தோளில் போனை இடுக்கிக்கொள்வார். அவரால் தலையைத் திருப்பவே முடியாது, திருப்பினால் போன் விழுந்துவிடும். அதனால் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்காமலே வலது பக்கம் ஒடிப்பார். பின்னால் வருகிறவர்தான் பிரேக் போட வேண்டும். மெசேஜ் பார்ப்பது இதைவிட மோசம். ரிங் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். வாட்ஸ்அப்பில் யார் என்று பார்க்கும் 3 விநாடியில் 50 மீட்டர் கண்ணில்லாமல் ஓடுகிறது வண்டி.

சிக்னலில் நிற்கும்போது பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. குரலால் சொல்லி போன் போடும் வசதிகளை வைத்து ஸ்ட்ரேயர் குழு 2015-ல் செய்த ஆய்வில், வேலை முடிந்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது. பச்சை விழுந்து அவ்வளவு நேரம் போனால் அடுத்த சந்திப்பே வந்துவிடும்.

சட்டத்தை அதிகம் நீட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், கையில் பிடிக்கும் போனைப் பயன்படுத்தி ஓட்டுவதும் ஆபத்தான ஓட்டுதல் என்று 2019 திருத்தத்தில் சேர்த்துவிட்டார்கள். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் விதி வந்தது. சட்டம் கையில் பிடிப்பதைச் சொல்வதால்தான் ப்ளூடூத் பாதுகாப்பானது என்ற எண்ணம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரோட்டோரம் நிற்கும் போலீஸ்காரருக்குக் கையில் இருக்கும் போன் தெரியும், மண்டைக்குள் ஓடும் பேச்சு தெரியாது. அவரால் பிடிக்க முடிந்ததைச் சட்டம் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வண்டிகளில் இப்போது நடைமுறை இதுதான். கிளம்பும்போது டிரைவர் கடைக்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுவார், அதன்பின் போன் சைலன்ட்டில் டேஷ்போர்டுக்குள். யாருக்காவது வண்டி எங்கே என்று தெரிய வேண்டுமென்றால் எனக்குத்தான் அடிக்க வேண்டும், வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறது, நான் பார்த்துச் சொல்லிவிடுவேன். முதலில் கடைக்காரர்கள் முறைத்தார்கள், பூ நேரத்துக்கு வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து வரும் போன்தான் இன்னும் சரியாகவில்லை. அழைக்கிறவர் "வண்டியிலயா இருக்க? சரி, வந்து பேசு" என்று உடனே வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சாப்பாடு கொண்டுவரும் பையன்களுக்கு மட்டும் இதைச் சொல்ல முடியவில்லை. ஆர்டரும் வழியும் போனில் இருக்கும் ஆப்பில்தான் வருகிறது, வண்டி ஓடும்போதே அடுத்த ஆர்டரை எடுக்கச் சொல்லிச் சத்தம் போடுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அந்த ஆப்பை நடத்துபவர்கள். நாம் செய்யக்கூடியது, ஆப்பின் மேப்பில் வீடு இருக்கும் இடத்தைச் சரியாகக் குறித்து, எந்தத் தெருவில் எந்தக் கடைக்கு எதிரே என்று முகவரியில் எழுதிவைப்பது. பிறகு அவன் ஒற்றைக் கையில் வண்டியைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, எந்தச் சந்து?" என்று கேட்க வேண்டியிருக்காது.