மக்காச்சோளத்துல மியூட்டேஷன் (டிஎன்ஏல மாற்றம்) பண்ண ஏன் விதைய விட்டுட்டு மகரந்தத்துக்கு மருந்து குடுக்குறாங்க?

விதைய ஈஎம்எஸ்ல (மியூட்டேஷன் உண்டாக்குற ஒரு ரசாயனம்) ஊற வைக்கிறது ஈஸிதான், ஆனா விதைக்குள்ள இருக்குற கருவுல ஏற்கனவே ஏகப்பட்ட செல் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வேற வேற மியூட்டேஷன் விழும், அதனால வளர்ற செடி கலப்படமா இருக்கும். மக்காச்சோளத்துல ஆண் பூ உச்சியில, கதிர் தண்டு நடுவுல, ரெண்டும் வேற வேற செல்லுல இருந்து வர்றதால, செல்ஃப் பண்ணாலும் (அதே செடியோட மகரந்தத்த அதோட கதிருக்கே போட்டாலும்) ஒரே மியூட்டேஷன் ரெண்டு பக்கமும் சேராது. தலைவலி.

மகரந்தம்னா அந்த சிக்கல் இல்ல. ஈஎம்எஸ்ஸ பாரஃபின் ஆயில்ல கலந்து, புதுசா உதிர்ந்த மகரந்தத்த அதுல முக்கால் மணி நேரம் போல வச்சு, பிரஷ்ஷால கதிரோட பட்டு நூல் மேல தடவுவாங்க. ஏன் ஆயில்னா, தண்ணில போட்டா மகரந்தம் வெடிச்சிரும்! 1970கள்ல நியூஃபர், கோ-ங்கிற ரெண்டு மக்காச்சோள மரபியல் ஆய்வாளர்கள் பிரபலமாக்கின முறை இது. டிஎன்ஏல ஏ, டி, ஜி, சி-ன்னு நாலு எழுத்து (அடினின், தைமின், குவானின், சைட்டோசின்), ஏ-டி, ஜி-சின்னு ஜோடி சேரும். ஈஎம்எஸ் குவானின்ல எத்தில் குரூப்ப ஒட்டிவிடும், டிஎன்ஏ காப்பி ஆகுறப்போ அது சைட்டோசினுக்கு பதிலா தைமினோட ஜோடி சேரும், கடைசில ஜி-சி இருந்த இடம் ஏ-டி ஆயிரும்.

ஒண்ணு கவனிங்க, ஒரு மகரந்தத்துல ரெண்டு விந்து செல், ஒண்ணு கருவுக்கு, இன்னொண்ணு எண்டோஸ்பெர்முக்கு (மணிக்குள்ள கருவுக்கு சாப்பாடா இருக்குற மாவுப் பகுதி). அதனால முதல் தலைமுறை மணி வெளிய வித்தியாசமா தெரிஞ்சாலும் உள்ள கருவுல அதே மியூட்டேஷன் இருக்காது, மணிய பாத்து ஏமாறாதீங்க. அந்த செடிய செல்ஃப் பண்ணி அடுத்த தலைமுறையில நாலுல ஒரு பங்கு மாறி நிக்குதான்னு பாக்கணும்.

ஈஎம்எஸ் கேன்சர் வரவைக்கக்கூடியது, ஆவியாகவும் செய்யும், வீட்ல ட்ரை பண்ற ஐடியா இருந்தா விட்ருங்க. லேப்லயே கிளவுஸ், ஃபியூம் ஹூட் (விஷ ஆவிய வெளிய இழுக்குற பெட்டி) இல்லாம தொட மாட்டாங்க, மிச்சத்த சோடியம் தயோசல்ஃபேட் போட்டு செயலிழக்க வச்ச பிறகுதான் அப்புறப்படுத்துவாங்க.