டீசல் கொட்டிய மண்ணுக்கு சூடோமோனாஸ் போதுமா?

கேள்வி: பம்ப்செட் அருகே கேன் சாய்ந்து இருபது லிட்டர் டீசல் மண்ணில் இறங்கிவிட்டது. பக்கத்திலேயே கத்தரிப் பாத்தி, கொஞ்சம் தள்ளிக் கிணறு. நிறையத் தண்ணீர் விட்டு, சூடோமோனாஸ் பாக்டீரியாக் கரைசல் ஊற்றினால் சரியாகுமா?

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். அது டீசலைக் கிணற்றுப் பக்கம் தள்ளிவிடும். விதை நேர்த்திக்கு விற்கும் சூடோமோனாஸ் பயிர் நோயைத் தடுக்கவென்று தேர்ந்தெடுத்த ரகம். டீசலுக்காக அதை வாங்க வேண்டாம். டீசலைத் தின்னும் பாக்டீரியாக்கள் உங்கள் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது காற்றும் தழைச்சத்தும்தான்.

டீசல் என்பது கார்பன் சங்கிலிகளின் கலவை. பாக்டீரியா அதன் நுனியில் ஆக்சிஜனைச் செருகி ஆல்கஹாலாக்கும். அது கொழுப்பு அமிலமாகும். பிறகு இரண்டிரண்டு கார்பனாக வெட்டித் தின்னும். மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும். ஒரு கிலோ டீசல் முழுதும் இப்படிச் சிதைய ஏறக்குறைய மூன்றரை கிலோ ஆக்சிஜன் வேண்டும். சேறாகக் கிடக்கும் மண்ணில் அதற்கு வழியில்லை.

ஆகவே வாடை வரும் மண்ணை எல்லாம் வெட்டியெடுத்து, கிணற்றுக்கு எட்டத் தார்ப்பாய் விரித்து, அரை அடி கனத்தில் பரப்புங்கள். மக்கிய தொழுவுரமும் நறுக்கிய வைக்கோலும் கலந்தால் மண் பொலபொலக்கும். கார்பன், தழைச்சத்து, மணிச்சத்து 100:10:1 என்பது வழக்கமான கணக்கு. உங்கள் டீசலுக்கு மொத்தம் மூன்று கிலோ யூரியாவும் இரண்டு கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் வரும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் நுண்ணுயிரிகளே செத்துப்போகும். வாரம் கால் கிலோ கரைத்துத் தெளித்து, மண்வெட்டியால் புரட்டுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் கசியக்கூடாது. மழை வந்தால் மூடி வையுங்கள்.

சில வாரத்தில் வாடை குறையும். டீசலில் ஒரு பங்கு வெறுமனே ஆவியாகிப் போனது, ஏமாந்துவிடாதீர்கள். நேர்ச் சங்கிலிகள் முதலில் சிதையும், கிளைத்தவை தாமதமாகும், பல வளையச் சேர்மங்கள் மாதக்கணக்கில் கிடக்கும். ஆய்வகத்தில் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவை, அதாவது மண்ணில் இன்னும் எவ்வளவு எண்ணெய் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் அந்த மண்ணில் காய்கறி வைக்காதீர்கள்.

கிணற்று நீரில் வாடையோ வானவில் படலமோ தெரிந்தால் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காமல் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கொட்டியது பழைய இன்ஜின் ஆயிலாக இருந்திருந்தால் இந்த வழியைச் சொல்லியிருக்க மாட்டேன். அதிலுள்ள உலோகங்களை எந்த நுண்ணுயிரியாலும் தின்று தீர்க்க முடியாது.