திடீர்ப் பணம் வந்த வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூர்வீகச் சொத்தில் எங்கள் பங்கு எதிர்பாராமல் பெரிய தொகையாக வந்தது. அன்றுமுதல் என் கணவர் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதே இல்லை. குடி, சூது எதுவும் கிடையாது. பிறகு ஏன் இந்த மாற்றம்?

பதில்: குடியோ சூதோ இருந்திருந்தால் வீடே விழித்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் நின்றுபோனது தேவனிடம் கேட்கிற பழக்கம். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை அன்றன்றும் எங்களுக்குத் தாரும்' (லூக்கா 11:3) என்ற வரி, பல வருஷத்து ஆகாரம் வங்கியில் கிடக்கும்போது வாயில் ஒட்டுவதில்லை. உபாகமம் 8-ம் அதிகாரம் இந்தச் சரிவைப் படிப்படியாகக் காட்டுகிறது: வயிறு நிறைகிறது, நல்ல வீடு எழும்புகிறது, வெள்ளியும் பொன்னும் பெருகுகிறது, மனம் மேட்டிமையாகிறது, கர்த்தரை மறந்துபோகிறது. கடைசியில், 'என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது' என்கிறது இருதயம். உழைக்காமல் வந்த பங்கைப் பற்றியும் மனசு இப்படித்தான் பேசும், வேடிக்கைதான்.

அவரைக் கடிந்துகொண்டால் ஜெபமே சண்டைக்குக் காரணமாகிவிடும். கொஞ்ச நாளைக்கு உங்கள் தேவைகளைச் சொல்லி ஜெபிக்க வேண்டாம். அந்தச் சொத்தைச் சேர்த்துவைத்த பெரியவர்களைப் பேர் சொல்லி ஸ்தோத்திரம் செய்யுங்கள். பிறகு கஷ்டத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள். அவர்களுக்கு உதவியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவர் கையில் விடுங்கள். இல்லாதவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருகிறவருக்கு ஜெபிக்க விஷயம் கிடைக்கும்.

கேள்வி: தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) ஒழுங்காகக் கொடுத்துவிட்டோம். மீதி எங்கள் இஷ்டம்தானே?

பதில்: இந்த இடத்தில்தான் பக்தியுள்ளவர்களே அதிகம் வழுக்குகிறார்கள். வரி கட்டி ரசீது வாங்கிய நிம்மதி வந்துவிடுகிறது. லூக்கா 19-ல் வரும் வரி வசூலிப்பவனான சகேயு பத்தில் ஒன்றோடு நிற்கவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுப்பதாகச் சொன்னான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி 30 பவுண்டு வருமானம் வந்தபோது 28-ல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் செலவு அதே 28. கடைசியில் 92 பவுண்டு தானமாகப் போனது. அவர் கட்டிப்போட்டது செலவை. நாம் கட்டிப்போடுவதோ கொடுக்கும் சதவீதத்தை. வருமானம் நான்கு மடங்கானால் மீதி 90 சதவீதமும் நான்கு மடங்காகும். வாழ்க்கை அதற்கேற்ப வீங்கும். நாமோ உண்மையாயிருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆகவே முதல் 3 மாதம் பணத்தை வங்கியில் அப்படியே விடுங்கள். பழைய கடன்களை மட்டும் தீருங்கள் (ரோமர் 13:8). வீடு, வாகனம், கூட்டுத் தொழில் எதற்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். வரி போக உள்ளதில் கொடுக்க வேண்டியதை முதலில் எழுதி, அதைத் தனிக் கணக்கில் போடுங்கள். மாதச் செலவை ஒரு வருஷத்துக்குப் பழைய அளவிலேயே வையுங்கள். வரிசை மாறினால், செலவு போக மிஞ்சியதுதான் காணிக்கையாகும், மிஞ்சாது.

கேள்வி: பணம் வந்த செய்தி பரவியதும் சபைக் கமிட்டியில் சேரச் சொல்கிறார்கள்.

பதில்: ஒரு வருஷம் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடத்தைக் காட்டும் சபையை யாக்கோபு 2-ம் அதிகாரமே கண்டிக்கிறது. பணத்துக்காகக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் புத்திசொல்ல யாருக்கும் துணிவு வராது.

கேள்வி: லாட்டரியில் விழுந்த பணத்தைக் காணிக்கையாகப் போடலாமா?

பதில்: சபைக்குச் சபை நிலைப்பாடு மாறும். எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் போதகரிடம் சொல்லுங்கள். அவர் மறுத்தால் வருத்தப்படாதீர்கள். காணிக்கையாகப் போட்டால் பணம் சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அடுத்த சீட்டு வாங்கத் தூண்டுவதே அந்த எண்ணம்தான்.

கேள்வி: உறவினர்கள் கடன் கேட்பார்கள் என்று பயந்து தொகையை மறைக்கிறோம். பாவமா?

பதில்: தொகையை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2 இராஜாக்கள் 7-ல் வரும் நான்கு குஷ்டரோகிகளைப் பாருங்கள். பட்டணத்தை முற்றுகையிட்ட சீரியர் விட்டு ஓடிய பாளயத்தில் தின்று குடித்து, வெள்ளியையும் பொன்னையும் ஒளித்துவைத்த பிறகுதான், பட்டினி கிடக்கும் பட்டணம் நினைவுக்கு வந்து, 'நாம் செய்கிறது நியாயமல்ல' என்றார்கள். குடும்பத்துக்கு வெளியே முழுக் கணக்கையும் தெரிந்து, உங்களைக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவராவது இருக்கட்டும். உறவினருக்கோ, திரும்பாவிட்டாலும் மறந்துவிடக்கூடிய தொகையை நன்கொடையாகவே கொடுங்கள். அதற்கு மேல் கேட்டால் முடியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள்.