புழுங்கல் அரிசியின் சத்து எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

எங்கள் பிறந்த வீட்டில் எப்போதும் புழுங்கல் அரிசிச் சோறுதான். புகுந்த வீட்டில் தினமும் பச்சரிசி. இத்தனை வருடம் இது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. இப்போது மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தை பிறந்த பிறகு எந்த அரிசி கொடுப்பது என்று பேச்சு வந்தது. "நெல்லை அவிக்கும்போதே சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும், புழுங்கலில் சக்கைதான் மிச்சம்" என்கிறார் மாமியார். வாட்ஸாப்பில் வந்த ஒரு வீடியோவில், புழுங்கல் அரிசியின் மஞ்சள் நிறத்துக்கு ரசாயனம்தான் காரணம் என்றார்கள். என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. புழுங்கலுக்கு மாறினால் குறையும் என்று அவருடைய நண்பர் சொல்கிறார். இதில் எது சரி? எப்படிக் கழுவி வடித்தால் சத்து போகாது?

கே., திருவாரூர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் மாமியாரின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அரிசியில் உள்ள பி வைட்டமின்கள், குறிப்பாக தயமின் எனப்படும் பி1, தண்ணீரில் எளிதில் கரையக்கூடியவை. ஆனால் புழுங்கலுக்கு ஊறவைத்து அவிப்பது நெல்லை. அப்போது உமி அரிசியை மூடியபடியே இருக்கிறது. கரைந்த சத்தில் கொஞ்சம் ஊறல் தண்ணீரோடு போகும் என்பது உண்மைதான், ஆனால் பெரும்பகுதி வெளியே வராமல் அரிசியின் உள்ளே இறங்குகிறது.

நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ இருபது கிலோ உமி, எட்டிலிருந்து பத்து கிலோ தவிடு, மீதி அரிசி என்று பிரியும். பி1 அதிகம் இருப்பது தவிட்டிலும் முளைக்கருவிலும். வெள்ளையாகத் தெரியும் நடுப்பகுதி பெரும்பாலும் மாவுச்சத்துதான். பச்சை நெல்லை அப்படியே அரைத்துப் பாலிஷ் போட்டால் பி1 தவிட்டோடு மாட்டுத்தீவனத்துக்கோ எண்ணெய் ஆலைக்கோ போய்விடுகிறது. முதலில் ஊறவைத்தால் தவிட்டில் உள்ள வைட்டமின் கரைந்து உள்நோக்கி நகர்கிறது. அதன்பின் ஆவியில் அவிக்கும்போது மாவுச்சத்து பசையாகி இறுகி, வந்த சத்தை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் பாலிஷ் போட்டாலும் கணிசமான பங்கு அரிசியில் தங்கிவிடும். தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 0.05 மில்லிகிராம் அளவுக்குத்தான் பி1 இருக்கும். தீட்டிய புழுங்கலில் 0.17 முதல் 0.2 வரை இருக்கும். மூன்று மடங்குக்கும் மேல். ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். மூன்று வேளையும் சோறே பிரதானம் என்று இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

கிராமத்தில் வீட்டுக்கு அவிக்கும் முறையைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். நெல்லை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் அண்டாவில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொட்டி, ஈரச்சாக்கால் மூடி அடுப்பை எரிப்பார்கள். மேல் நெல்லில் ஆவி வந்து உமி வாய் பிளந்ததும் இறக்கிவிட வேண்டும். களத்திலோ பாயிலோ மெல்லிசாகப் பரப்பி, காலால் துழாவிக்கொண்டே காயவைப்பார்கள். ஒரு நெல்லை உரித்துப் பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் 'நொறுக்'கென்று உடைய வேண்டும். அதுதான் அரைக்கும் பதம், ஈரப்பதம் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும் நிலை.

ஆலையிலும் வேலை இதேதான், வெப்பமும் நேரமும்தான் மாறுகின்றன. பழைய ஆலைகளில் சிமென்ட் தொட்டியில் பச்சைத்தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறும். அதில் வரும் கோளாறுதான் புழுங்கல் அரிசிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் நாள் தண்ணீர் புளிக்கத் தொடங்கும், மாற்றாமல் விட்டால் நாறும், அந்த நாற்றம் சோற்றிலும் வரும். இப்போது பெரும்பாலான ஆலைகளில் வெந்நீர் ஊறல்தான். எழுபது டிகிரியை ஒட்டிய சூட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் நெல் முப்பது சதவீத ஈரத்துக்கு வந்துவிடும், புளிக்க நேரமே கிடைக்காது. பிறகு தண்ணீரை வடித்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் நீராவி. ஆவி போதாவிட்டால் அரிசியின் நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும், அந்த இடத்தில் மாவு பசையாகவில்லை என்று அர்த்தம். ஆவி மிஞ்சினால் உமி வெடித்து அரிசி பிதுங்கிக் கறுத்துப்போகும்.

காயவைப்பதில்தான் ஆலைக்காரரின் கைப்பக்குவம் தெரியும். ஒரேயடியாகச் சூட்டில் காயவைத்தால், ஈரம் பதினாறு சதவீதத்துக்குக் கீழே போகும்போது அரிசிக்குள் விரிசல் விழும், அரைக்கும்போது குருணையாகக் கொட்டும். அதனால் அந்தக் கட்டத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி, சில மணி நேரம் குவித்து ஆறவிட்டு, அதன் பிறகே மீதியைக் காயவைப்பார்கள். பக்குவமாகச் செய்தால் நெல்லில் வயலிலேயே விழுந்திருந்த விரிசல்கூட பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அதனால் முழு அரிசி அதிகம் கிடைக்கும். வைட்டமின் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் உழவர்கள் நெல்லை அவித்ததற்கு இதெல்லாம் காரணமாக இருந்திருக்கலாம்: அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் துளைக்காது, சோறு குழையாது.

மஞ்சள் நிறத்துக்கு ரசாயனம் தேவையே இல்லை. ஊறும்போது உமியிலும் தவிட்டிலும் உள்ள நிறம் அரிசிக்குள் இறங்குகிறது. சூட்டில் அரிசியின் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து கொஞ்சம் பழுப்பேறுகிறது. அதிக நேரம் ஊறினாலோ அதிகம் அவிந்தாலோ நிறம் கூடும். கடையில் டபுள் பாயில் என்று விற்பது பொதுவாக சிங்கிள் பாயிலைவிட மஞ்சளாக இருப்பதும் இதனால்தான். நல்ல புழுங்கலை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போல லேசாக ஒளி ஊடுருவும். பச்சரிசி மாவுபோல வெளுத்துத் தெரியும்.

இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லக் காரணம், இந்த வித்தியாசத்துக்கு மனித உயிர்கள் விலையாகப் போயிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி அரிசி ஆலைகள் வந்தபின், வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி மலிவாகக் கிடைத்த இடங்களிலெல்லாம் பி1 குறைவால் வரும் பெரிபெரி என்ற நோய் பரவியது. கால் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும், குந்தி உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாது. இன்னொரு வகையில் உடல் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுவிடும். சிறைகளிலும் கப்பல்களிலும் சுரங்கங்களிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தொற்றுநோய் என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள்.

ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், ஆய்வுக்கூடக் கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற வாதம் வந்ததையும், சில மாதங்களில் அது தானாகவே நின்றதையும் கவனித்தார். ராணுவ மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற காலத்தில்தான் கோழிகளுக்கு நோய் வந்திருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்து, தீட்டாத அரிசி போட்டதும் அவை தேறின. பிறகு ஜாவாவின் 101 சிறைகளை அடால்ஃப் ஃபோர்டர்மன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் என்ற அளவில் நோய் இருந்தது. தீட்டாத அரிசி போட்ட இடங்களில் பத்தாயிரத்தில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை. எய்க்மன் முதலில் அரிசியில் ஏதோ நச்சு இருக்கிறது என்றுதான் நினைத்தார். அரிசியில் நச்சு எதுவும் இல்லை, தவிட்டில் இருக்கும் ஏதோ ஒரு சத்து கிடைக்காமல் போவதுதான் நோய் என்று 1901-இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கெரிட் க்ரேன்ஸ். நோபல் பரிசு 1929-இல் எய்க்மனுக்குப் போனது, க்ரேன்ஸின் பெயர் இன்று பலருக்குத் தெரியாது என்பது வருத்தமானது.

நம் மக்கள் இந்தக் கதைக்குள் வருவது மலாயாவில். அங்கே ஈயச்சுரங்கச் சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, வந்த தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்டார்கள், அவர்களிடையே பெரிபெரி கொன்று குவித்தது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் ஊர்ப் பழக்கப்படி புழுங்கலையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். அவரும் கெட்டுப்போன அரிசியின் நச்சு என்றே நினைத்தார், ஆனால் அரிசியைச் சுட்டிக்காட்டியது சரி. 1905-ஐ ஒட்டி ஃப்ளெச்சர் என்ற இன்னொரு மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் நோயும் சாவும் வந்தன, புழுங்கல் பிரிவு தப்பியது. இன்றைய அளவுகோலில் அனுமதிக்கவே முடியாத சோதனை அது. அடுத்து ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானில் உள்ள ஜெலபுவில் காட்டுச்சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நோய் பச்சரிசியின் பின்னாலேயே போனது.

ஆகவே புழுங்கலில் சக்கைதான் மிச்சம் என்ற பேச்சுக்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

இனி அடுக்களைக்கு வருவோம். அரிசியை நாலைந்து தண்ணீர் தேய்த்துக் கழுவும் பழக்கத்தை விடுங்கள். பச்சரிசியில் எஞ்சியிருக்கும் கொஞ்சம் பி1-இல் கால் பங்குக்கு மேல் கழுவும்போதே போய்விடும். புழுங்கலில் சத்து உள்ளே இறுகியிருப்பதால் இழப்பு குறைவு. கல், தூசி பார்த்துவிட்டு இரண்டு தண்ணீரில் அலசினால் போதும். புழுங்கலை அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். குக்கரில் ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர், புது அரிசியானால் இரண்டரை. உலை வைத்து வடிப்பவர்கள் கஞ்சியைக் கொட்டிவிடக் கூடாது, கரைந்த பி1 அதில்தான் இருக்கிறது. உப்புப் போட்டுக் குடிக்கலாம், ரசத்துக்கோ குழம்புக்கோ விடலாம். சோற்றில் சோடா உப்பு மட்டும் சேர்க்க வேண்டாம், சோடாவின் காரத்தன்மையில் பி1 அழிந்துவிடும்.

பச்சரிசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொங்கலுக்கும் நைவேத்தியத்துக்கும் அதுதான் வழக்கம், அதில் ஒரு குறையும் இல்லை. தினமும் பச்சரிசி சாப்பிடுகிற வீட்டில் துவரம்பருப்பு, பாசிப்பயறு, நிலக்கடலை, எள், கேழ்வரகு என்று ஏதாவது தட்டில் இருக்கும் வரை பி1-க்குப் பஞ்சம் வராது. தட்டில் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சும்போதுதான் ஆபத்து.

உங்கள் மகளைப் பற்றி நான் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பருப்பையும் பயறையும் காய்கறியையும் நிறுத்தி, வெறும் பச்சரிசிச் சோறும் ரசமும் மட்டும் வாரக்கணக்கில் கொடுக்கும் வீடுகள் உண்டு. உடலில் பி1-இன் கையிருப்பு மிகக் குறைவு, இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். காஷ்மீரில் தீட்டிய அரிசியும் பிரசவப் பத்தியமும் சேர்ந்து கைக்குழந்தைகளுக்குப் பெரிபெரி வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதக் குழந்தைகள். பால் குடிக்க மறுப்பது, ஓயாத அழுகை, அழும்போது குரல் கம்மிச் சத்தமே வராமல் போவது, வேகமாக மூச்சு வாங்குவது ஆகியவை அடையாளங்கள். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும், தாயின் சாப்பாட்டைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே குழந்தை தேறக்கூடிய நோய் இது, கண்டுபிடிக்கத் தவறினால் உயிரைப் பறிக்கும். மகளுக்குப் புழுங்கல் சோறு, பருப்பு, பாசிப்பயறு, கீரை, முட்டையோ மீனோ சாப்பிடுபவரானால் அதுவும் கொடுங்கள். பூண்டும் மிளகும் போட்ட பத்தியக் குழம்பு கூடவே இருக்கட்டும், அது எதையும் கெடுக்காது.

கணவரின் சர்க்கரை விஷயத்தில் நண்பர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். அவித்து ஆறிய மாவுச்சத்தில் ஒரு பகுதி மெதுவாகச் செரிப்பதாக மாறுகிறது, அதனால் சில புழுங்கல் அரிசிகள் சர்க்கரையை அதே ரகப் பச்சரிசியைவிட நிதானமாக ஏற்றும். ஆனால் அது நெல் ரகத்தையும் எவ்வளவு அவித்தார்கள் என்பதையும் பொறுத்தது. புழுங்கல்தானே என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கிடைத்த லாபம் அதோடு போயிற்று. அரிசியை அரைத்துப் புளிக்கவைத்த இட்லிக்கு அந்த லாபத்தை எதிர்பார்க்கவே கூடாது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அவரே பார்த்துவிடலாம். ஒருநாள் பச்சரிசி, மறுநாள் புழுங்கல், ஒரே கிண்ணத்தால் அளந்த சோறு, அதே குழம்பு, அதே பொரியல், அதே நேரத்துக்கு மாத்திரை. முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து எழுதி வைக்கட்டும். ஒருமுறை பார்த்ததை நம்ப வேண்டாம், ஒவ்வொரு அரிசிக்கும் மூன்று முறையாவது பாருங்கள். அந்த எண்களைக் காட்டாமல் மாத்திரை அளவை மாற்றவே கூடாது, மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.