சிறார் தைராய்டு புற்றுநோய்: ரத்தப் பரிசோதனை எவ்வளவு சொல்லும்?

வேலூர் வட்டாரப் பெற்றோர்களின் கேள்விகளுக்குத் தைராய்டு மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

குடியாத்தம், ஒரு தந்தை: மகளுக்கு 13 வயது. ஊசிப் பரிசோதனையில் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்று வந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தத்தில் தைரோகுளோபுலின் என்ற புரதம் 640. பரவிவிட்டதா டாக்டர்?

அந்த ஓர் எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். நோயில்லாத தைராய்டும் தைரோகுளோபுலினைச் சுரக்கிறது. சாதாரணக் கழலையிலும் அது ஏறும். மிக அதிகமாக இருந்தால் நுரையீரலைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம், அவ்வளவே. கழுத்து நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) பரவியிருப்பதைக் காட்டுவது அல்ட்ராசவுண்டு ஸ்கேன். பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கு நெறிகளில் பரவல் அதிகம். ஆகவே கழுத்தின் இரு பக்கமும் முழுமையாகப் பார்த்த பிறகே அறுவைக்குச் சம்மதியுங்கள்.

ஆரணி, ஒரு தாய்: மகனுக்குத் தைராய்டை முழுவதும் எடுத்தாகிவிட்டது. தைரோகுளோபுலின் 0.2க்கும் கீழே; ஆன்டிபாடி மட்டும் 300 என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

சற்றுப் பொறுங்கள் அம்மா. தைரோகுளோபுலினுக்கு எதிராக உடல் உண்டாக்கும் அந்த ஆன்டிபாடி அதைப் பற்றிக்கொள்வதால், பரிசோதனை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அதனால் அந்த 0.2ஐ நம்பி இருந்துவிட முடியாது. உங்கள் மகனைப் பொறுத்தவரை ஆன்டிபாடியே நமக்கு வழிகாட்டி. மாதங்கள் செல்லச் செல்ல அது இறங்கி வந்தால் நல்லது. முற்றிலும் மறைய 2, 3 ஆண்டுகள்கூட ஆகலாம். மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின் கொடுத்த முதல் சில மாதங்களில் சற்று ஏறுவதும் உண்டு, அதற்குக் கலங்க வேண்டாம். அதன் பிறகும் ஏறிக்கொண்டே போனால் ஸ்கேன் தேவை. ஆன்டிபாடி பார்க்காமல் தைரோகுளோபுலின் மட்டும் அச்சிட்ட ரிப்போர்ட்டைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது. இரண்டையும் ஒரே ரத்தத்தில் பார்க்கும்படி வற்புறுத்திக் கேளுங்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: தம்பியின் ரத்த எண்ணிக்கையில் நியூட்ரோபில், லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் விகிதம் அதிகம். அது பரவலைக் காட்டுமா?

சளி, காய்ச்சல் வந்தாலே அந்த விகிதம் மாறிவிடும். அதைக் கொண்டு சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை.

ஆம்பூர், ஒரு தாய்: தைரோகுளோபுலின் மார்ச்சில் 0.8, செப்டம்பரில் 2.1. நோய் திரும்பிவிட்டதா?

இரண்டும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுத்தவையா? கூடத்துக்குக் கூடம் முறை வேறுபடும். வெவ்வேறு இடத்து எண்களை ஒப்பிட முடியாது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் அன்றைய அளவையும் பாருங்கள். தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை விட்டுப்போய் டிஎஸ்எச் உயர்ந்திருந்தால் தைரோகுளோபுலினும் உயரும். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் சில கருவிகளில் அளவு தவறாகக் குறையும். ரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்தும் தொடர்ந்து ஏறினால் அப்போது தேட வேண்டும்.

வாலாஜாபேட்டை, ஒரு தந்தை: எனக்கு மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய். குழந்தைகளுக்கும் தைரோகுளோபுலின் பார்க்கலாமா?

அது இந்த வகைக்கு உதவாது. இதற்குக் கால்சிடோனின், சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனைகள்தான். முதலில் உங்களுக்கு ஆர்இடி மரபணுச் சோதனை செய்யுங்கள். அந்த மரபணுவில் பரம்பரை மாற்றம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. உடனே அவர்களுக்கும் பார்க்க வேண்டும். சில மாற்றங்களில் முதல் வயதுக்குள்ளேயே தைராய்டை எடுக்க நேரும்.

ஆற்காடு, ஒரு தாய்: பாப்பிலரிதான், நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்கிறார்கள். மகள் பிழைப்பாளா?

இந்த வகையில் நுரையீரலுக்குப் பரவிய சிறுவர்களிலும் மிகப் பெரும்பாலானோர் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பரவல் அயோடினை ஈர்க்கும் என்பதால் கதிரியக்க அயோடின் வேலை செய்யும். கொடுத்த பிறகு தைரோகுளோபுலின் ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும். இறங்கிக்கொண்டிருக்கும் வரை அடுத்த டோஸுக்கு மருத்துவரை அவசரப்படுத்தாதீர்கள்.